ஒரு சாண் குறைவு

லிண்ட்சே பென்பெர்தியைப் பற்றி இந்த வருட மலரில் யாராவது நாலு பக்கம் எழுத வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இருபது வருடமாக எங்கள் கோல்ஃப் கிளப்பின் அடுப்படியும் செயலாளர் வேலையும் என் தலையில்தான், அதனால் எழுத்து வேலையும் எனக்கே என்று அவர்கள் நினைப்பு. எழுதுகிறேன். ஆனால் மலருக்கு ஏற்ற மாதிரி மினுக்கி எழுத என்னால் முடியாது. அவனை வீட்டுக்குள் முடங்க வைத்ததில் என் வலது காலுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி என்னத்தை எழுதுவது?

லிண்ட்சேயும் நானும் ஒரே வகுப்பு. எங்கள் ஊரான போர்ட் ட்ரெலோனுக்கு வெளியே அவர்கள் குடும்பத்துக்குப் பார்லி வயல், மூன்று தலைமுறையாக. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவன் சிரித்தால் துறைமுகத்தில் கேட்கும் என்பார்கள். இருபத்தேழு வயதில் கிளப் கோப்பையை வென்றான். கோப்பையைக் கையில் வாங்கப் போகிற நேரத்தில், "பதினோராவது குழியில இலையை நகத்தும்போது பந்து கொஞ்சம் அசைஞ்சிடுச்சு, ஒரு அடி கூட்டிக்கோங்க" என்றான். யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தால் தெரியவே போவதில்லை. குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் கோப்பை, அந்த ஓர் அடியில் அது என் கணவர் ரானுக்குப் போயிற்று. ரான் அதை அலமாரியில் வைத்தார், சாகும்வரை ஒரு நாளும் துடைக்கவில்லை. "இது என்னுது இல்ல வெர்னா, அந்தப் பைத்தியக்காரனுது" என்பார்.

நாற்பத்தொன்றில் அவனுக்குப் பார்வை ஓரங்களில் மங்க ஆரம்பித்தது. பரம்பரை வியாதி, மருந்து கிடையாது என்று நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறில் முழுக்க இருட்டு. நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, எந்திரக் கொட்டகையில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். இரண்டு வருடம் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் அதே பீப்பாயில் உட்காருவான். அவன் மனைவி ஹெதர் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, துப்பாக்கிப் பெட்டியின் சாவியை என் மேசையில் வைத்து, "கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

அவனைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தவள் ஹெதர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவனை காரில் ஏற்றி கிளப்புக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு கோல்ஃபில் அ, ஆ தெரியாது. பந்தை வைத்தாள், மட்டையின் தலையைப் பிடித்துப் பந்துக்குப் பின்னால் சரியாகப் பொருத்தினாள். "நேரா நூத்தி நாப்பது மீட்டர். காத்து உன் இடது கன்னத்துல அடிக்குதே, அதைக் கணக்குல வச்சுக்கோ" என்றாள். அடித்தான். நாங்கள் நாலைந்து பேர் படியில் நின்றுகொண்டு, "ஆகா, பிரமாதம்!" என்று கத்தினோம்.

அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "ஹெதர், எங்க போச்சு?" என்றான்.

"புதருக்குள்ள. கேவலமான அடி."

அன்றைக்குத்தான் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்துக் கேட்டேன். துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். "கேட்டியா வெர்னா? நீங்க எல்லாம் கூலிக்கு மாரடிக்கிறீங்க. இவ ஒருத்திதான் எனக்கு உள்ளதைச் சொல்றா" என்றான்.

அதிலிருந்து முளைத்ததுதான் எங்கள் செவ்வாய் கோல்ஃப். பார்வை இல்லாதவர்கள், பார்வை குறைந்தவர்கள், ஆளுக்கொரு வழிகாட்டியோடு வந்து ஆடுவார்கள். முதலில் மூன்று பேர், அப்புறம் ஏழு, கடைசியில் பன்னிரண்டு. எங்கள் தீபகற்பத்தின் கடைக்கோடியிலிருந்து ஆட்களை ஏற்றிவர ஒரு சின்ன பஸ் வாங்கினோம். பள்ளி விடுமுறையில் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு வாரம். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி நடத்துவது ஹெதர். அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: "அன்பா இருக்கிறேன்னு பொய் சொல்லாதீங்க. பந்து தண்ணில விழுந்தா தண்ணின்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் அவங்களுக்கு உலகம்."

அவள் வீட்டிலும் அப்படித்தான். தினமும் காலையில் எழுந்ததும் லிண்ட்சே கேட்பான்: "வானம் எப்படி இருக்கு?" இருப்பதை இருக்கிறபடி சொல்வாள். நானே பலமுறை கூட இருந்து கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் புல்தரைக்குத் தண்ணீர் கிடையாது. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த கறுப்பு மணல் தளம்தான். உருளும் பந்து அதில் மெல்லிய கோடு போட்டுக்கொண்டே போகும். ஆடி முடித்தவர் இழுப்புக் கட்டையால் மணலை வழித்துச் சமன் செய்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். வழிக்காமல் போனவனை ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டோம். லிண்ட்சேயோ, வழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் மண்டியிட்டு, பந்து போன கோட்டை விரலால் தடவிப் பார்ப்பான். எங்கே வளைந்தது, எங்கே வேகம் குறைந்தது எல்லாம் விரல் சொல்லிவிடும். "உங்களுக்குக் கண்ணு, எனக்கு இது" என்பான்.

போன வருடத்துக்கு வருகிறேன். மழை பொய்த்து அது இரண்டாவது வருடம். விதைத்தது மண்ணுக்குள்ளேயே கருகியது. ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள், தள்ள மனம் வராதவர்கள் வெளி மாநிலத்து வைக்கோலை யானை விலைக்கு வாங்கிப் போட்டார்கள். செவ்வாய் கோல்ஃபை நடத்தும் எங்கள் அறக்கட்டளைக்கு முதுகெலும்பே பார்லிதான். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு விவசாயியும் ஒரு டன் பார்லியை நன்கொடையாக எங்கள் பேரில் எடைபோட்டுவிடுவார். அந்த வருடம் யாரிடம் போய் நின்று கேட்பது? அவர்களே என்னைக் கடையில் பார்த்தால் வேறு வரிசைக்குத் திரும்பிக்கொண்டார்கள், வெட்கத்தில்.

சும்மா இருக்கவில்லை நாங்கள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டி சுட்டுச் சுட்டு என் கை கொப்பளித்தது. பத்து வாங்குகிறவர்கள் இரண்டு வாங்கினார்கள். இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து நடத்தும் வெள்ளிக்கிழமைக் குலுக்கலில் ஜெயித்தவர், "திரும்ப குலுக்குங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து ஜெயித்தவரும் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஆட்டுத் தொடை மூன்று முறை குலுக்கலுக்கு வந்தது. "இந்த ஆடு உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு நடந்திருக்காது" என்றாள் ஆல்வா. எண்பது வயது, பழைய தொலைபேசி நிலையத்துக்காரி, பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் மட்டும் என்னையே தூக்கிச் சாப்பிடும். சிரித்தோம். ஆனாலும் பஸ்ஸுக்குப் போதவில்லை. மே மாதத்தோடு பஸ்ஸை விற்றுவிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. பஸ் இல்லை என்றால் செவ்வாய்க்கிழமை இல்லை.

அன்று இரவு ஹெதர் போனில் அழுதாள். "அவன் கொட்டகைக்குத் திரும்பிப் போயிடுவான் வெர்னா. எனக்கு இன்னொரு தடவை தெம்பு இல்ல."

அப்போதுதான் ரெக்ஸ் வந்தார். வைக்கோல் வியாபாரி. ஊரே காய்ந்தபோது அவருக்கு மட்டும் நல்ல வருடம், அதனால் அவர் உள்ளே வந்தால் கிளப் பாரில் பேச்சு நிற்கும். பாவம், அவருக்கும் உறுத்தல். ஒரு வருடத்து பஸ் செலவு முழுக்க நான் தருகிறேன் என்றார். லிண்ட்சே ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா வாங்கினா ஊர்க்காரன் எவனும் தன் வீட்டு ஆளை பஸ்ல ஏத்திவிட மாட்டான் ரெக்ஸ். உன் காசு மேல அவ்வளவு கடுப்புல இருக்காங்க. ஆட்டமா வை. நான் ஜெயிச்சு வாங்கறேன்."

"என்ன ஆட்டம்?"

"பன்னெண்டு அடி தூரம். ஒரே தடவை. விழுந்தா குடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கிறுக்குப் பயலே, குடுக்கிற கையைத் தட்டிவிட்டுப் பந்தயம் கட்டுறியா? உனக்குக் கொழுப்புடா!" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். மூன்று வாரம் தினமும் காலையில் அவனும் ஹெதரும் பதினெட்டாவது தளத்தில் நின்று பழகினார்கள். பத்துக்கு நாலு விழுந்தது, அப்புறம் ஆறு.

மே மாத முதல் சனிக்கிழமை எங்கள் நிதி திரட்டும் நாள். இருநூறு பேர் வந்திருந்தார்கள். காசு இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். செவ்வாய்க் கூட்டத்தில் மற்ற பதினொரு பேரும் தளத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு முகத்தை உயர்த்தியிருந்தார்கள். குழிக்கு மேலே கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். குழிக்குள் இருக்கும் தகரக் குவளையில் கம்பைத் தட்டி, "இங்க இருக்கு, லிண்ட்சே!" என்று சத்தம் காட்டினேன். ஹெதர் மட்டையைப் பொருத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

அடித்தான். பந்து நேராக வந்தது. நூல் பிடித்தது போல வந்தது. வந்தது, மெதுவானது, என் ஷூவுக்கு முன்னால், குழிக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

லிண்ட்சே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் ரெக்ஸைப் பார்த்தேன். ரெக்ஸ் என்னைப் பார்த்தார், அப்புறம் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தார். நாசமாய்ப் போன என் கால் தானாக நகர்ந்தது. பந்து தகரத்தில் விழுந்து சத்தம் கேட்டது.

இருநூறு பேரும் கத்தினார்கள். எல்லோரும் பார்த்தவர்கள்தான். பார்த்துவிட்டுத்தான் கத்தினார்கள், தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். எங்கள் ஊர் சேர்ந்து செய்த ஒரே பொய் அது. ஒன்றும் தெரியாமல் ஆல்வாவும் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

லிண்ட்சே மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள் மெதுவாகக் கேட்டான்: "ஹெதர். விழுந்துச்சா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலி வரிசையைப் பார்த்தாள். அவள் மனதில் கொட்டகையும் பீப்பாயும் வந்திருக்கும், எனக்குத் தெரியும்.

"விழுந்துச்சு, லிண்ட்சே" என்றாள்.

அவன் வழக்கம்போல நடந்து வந்து மண்டியிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இழுப்புக் கட்டை என் காலடியிலேயே கிடக்கிறது, நான் மணலை வழிக்கவில்லை. இருபது வருடத்தில் ஒரு நாள்கூட வழிக்காமல் நகர்ந்தவள் இல்லை நான். அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் விரல் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. குழிக்கு ஒரு சாண் முன்னால், கோடு முறிந்த இடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், திரும்ப வந்தது. பிறகு பக்கத்தில் தடவி, என் ஷூ ஆணிகளின் தடத்தைத் தொட்டது.

கைதட்டல் அடங்கிவிட்டது.

"உன் ஷூவா, வெர்னா?"

அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு சாண் குறைவு. விழல" என்றான்.

ரெக்ஸ் ஓடிவந்தார். "யோவ், விழுந்தா என்ன, விழாட்டி என்ன, நான் குடுக்கறேன்யா! உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"குடு ரெக்ஸ். அவங்களுக்கு வேணும். என் பேரு மட்டும் வேண்டாம்."

ஹெதர் முழங்கையை நீட்டினாள், அவன் பிடித்துக்கொள்வதற்கு. அவன் அதைப் பிடிக்கவில்லை. குனிந்து தடவி இழுப்புக் கட்டையை எடுத்து, தளம் முழுவதையும் தானே வழித்தான். ஓரம் ஓரமாக, நிதானமாக வழித்தான். முடித்துவிட்டு கார் நிற்கும் திசையில் தனியாக நடந்தான். பேஸ்டி மேசையில் இடித்துக்கொண்டான். யாருக்கும் தாங்கிப் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

பஸ் பிழைத்தது. ரெக்ஸின் காசோலையைக் கமிட்டி வாங்கிக்கொண்டது, வேறு என்ன செய்ய? அடுத்த செவ்வாய் காலை பஸ் முதலில் நிற்கும் இடம் லிண்ட்சேயின் வீட்டு வாசல். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவன் வரவில்லை. நாலு வாரம் அடித்தார். ஐந்தாவது வாரத்திலிருந்து பஸ் அங்கே நிற்பதில்லை. ஆட்டம் நடக்கிறது, விடுமுறையில் குழந்தைகள் வந்தார்கள். ஆல்வா ஒவ்வொரு செவ்வாயும் இறங்கியதும், "எங்க அந்தப் பிடிவாதக்காரன்?" என்று கேட்கிறாள்.

நான் போய்ப் பார்த்தேன். கொட்டகையில்தான் இருந்தான், அதே பீப்பாயில். பேஸ்டியை அவன் கையில் வைத்துவிட்டு, வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"உதைச்சவ நான். திட்டணும்னா என்னைத் திட்டு. அவளை ஏன்டா தண்டிக்கிறே?"

"தண்டிக்கலடி. உன்னை அஞ்சு வயசுலேர்ந்து தெரியும். பள்ளிக்கூடத்துல கிரிக்கெட் ஆடும்போது எல்லைக் கயித்தை நகத்தினவதானே நீ? நீ உதைச்சது பெருசே இல்ல." பேஸ்டியைக் கையில் உருட்டினான். "இருநூறு பேருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அதுவும் பழகினதுதான். ஆனா அவகிட்ட கேட்டேனே வெர்னா. கேட்டேன்ல?"

"உனக்காகத்தான்டா சொன்னா. நீ இப்படி வந்து உக்காந்துடுவேன்னு பயந்து சொன்னா."

"தெரியும். எனக்குக் கோபமே இல்ல. காபி சூடா இல்ல, குடின்னு சொல்றா. நான் விரலை விட்டுப் பாக்கறேன். வேணும்னு பண்ணல. கை தானா போகுது. அவ அதைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்னு எனக்குத் தெரியுது. நிறுத்த முடியல."

வண்டிக்குத் திரும்பி வந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன். ரான் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் ஹெதர் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. பையைத் திறந்து அந்தத் துப்பாக்கிப் பெட்டிச் சாவியை மேசையில் வைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டே அவளிடம் திருப்பிக் கொடுத்த அதே சாவி. "இப்பல்லாம் காலையில வானத்தைப் பத்திக் கேக்கிறதில்ல, வெர்னா" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலையில் ஒரு நாள் காலை போன் செய்தாள். "மேற்கால பாரு." ஜன்னலுக்கு ஓடினேன். கடலுக்கு மேலே கன்னங்கரேல் என்று மேகம், வானம் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. "நீ வந்து அவன்கிட்ட சொல்லேன்" என்றாள் ஹெதர். "நான் சொன்னா..."

"நான் சொன்னா மட்டும்?" என்றேன். ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் சமையலறையில் ரேடியோவைத் தாழ வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்றோம். மேகம் வயல்மேல் வந்தது, வேலிக் கம்பிகள் கறுத்தன. பதினொரு வருடமாக வானத்தைச் சொன்னவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் யோக்கியதை இல்லை. அப்படித்தான் இருந்தது எங்களுக்கு. முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன, அப்புறம் ஒரேயடியாகக் கொட்டியது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லிண்ட்சே சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, வராந்தா விளிம்பில் நின்று, கையை மழைக்குள் நீட்டினான். கை நனைந்தது, சட்டை முழங்கை வரை நனைந்தது.

"எப்பலேர்ந்து மேகம் இருந்துச்சு?" என்றான்.

"விடிஞ்சதுலேர்ந்து" என்றாள் ஹெதர்.

"சொல்லியிருக்கலாமே."

அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லுடா, தடியா, சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவன் நீட்டிய கையை மழையிலிருந்து இழுக்கவில்லை. வராத பொய்யை எங்கிருந்து கொண்டுவருவான்?

"இல்ல, ஹெதர்" என்றான்.

அந்த வருடம் பார்லி முளைத்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு டன் எடைபோட்டிருக்கிறார்கள், பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கவலை இல்லை. சாவி என் சமையலறை டிராயரில்தான் இருக்கிறது. ஹெதர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.